நொண்டிக் கழுதை

பிப்ரவரி. ஹாப்சலுவில் கடல்
நடந்தே கடந்துவிடலாம்போல் உறைந்து கிடக்கிறது.
இரவு மணி ஒன்றேகால்.
சதுரங்கம் ஆட வந்தவளிடம்
பெயர் கேட்கிறது திரை.

லீலோ என்றேன். இருக்கிறதாம்.
லீலோ எழுபத்தொன்பது. அதுவும்.
ஆத்திரத்தில் கை போன போக்கில் தட்டியதைக்கூட
எனக்கு முன்பே யாரோ
அதே ஆத்திரத்தில் தட்டியிருக்கிறார்கள்.

பகலில் நான் காதுக்கருவி பழுதுபார்ப்பவள்.
குறும்பி எடுத்து, பேட்டரி மாற்றி,
வந்தவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று
மெல்ல அவர் பெயரைச் சொல்வேன்.
திரும்பினால் வேலை முடிந்தது. இருபது யூரோ.
இரவில் எனக்கென்று ஒரு பெயர் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவன் நினைவு வந்தது.

ஈரம் பட்டதென்று நூலகம் கழித்துப்போட்ட பெட்டியில்
ஐம்பது சென்ட்டுக்கு எடுத்த தடிப் புத்தகம்.
அட்டை இல்லை,
எழுதியவர் பெயர் அட்டையோடு போயிற்று.
மூன்று பாகத்தில் இரண்டாவது.
முதலாவது கிடைக்கவில்லை.
மூன்றாவதை எழுதினார்களா என்றே தெரியாது.
ஏழு அரசர்கள், இரண்டு நிலவுகள்,
வாக்குவாதம் செய்யும் பனிப்பாறை ஒன்று.
எல்லாம் மறந்துவிட்டது,
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பு தவிர:

படை கணவாயைக் கடந்தபின்
விட்டுப்போன விளக்குகளை எண்ணி அணைக்க
ஒருவனை நிறுத்திச் சென்றார்கள்.
பெயர் ஓர்வெத்.
அவனோடு ஒரு நொண்டிக் கழுதை இருந்தது.

அவ்வளவுதான்.
பதினாறு வயதில், காய்ச்சலில்,
மிச்சமிருந்த நானூறு பக்கத்தையும்
அவனைக் கூட்டிப்போக யாராவது வருவார்களா என்றுதான் படித்தேன்.
வரவில்லை.

ஊர் பேர் தெரியாதவன் என்போம்.
இவனுக்கு ஊர் இல்லை, பேர் மட்டும் உண்டு.
அதையும் எடுத்துக்கொள்வது
திருட்டா, தத்தெடுப்பா?
கேட்பதற்கு ஆளில்லை. தட்டினேன்: ஓர்வெத்.

இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

முதலில் எரிச்சல்தான், ஏன் மறைக்க வேண்டும்?
என் பதினாறு வயதுக்குள்
யாரோ செருப்புக்காலோடு நுழைந்த மாதிரி.
எழுந்துபோய்ப் பாலைச் சுடவைத்தேன்.
பொங்கி வழிந்தது.
அடுப்பைத் துடைக்கும்போது உறைத்தது:
இன்னொருவர் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறார்.
ஏழு அரசர்களையும் தாண்டிப்போய்
எறும்பு எழுத்தில் நின்றவனிடம்
நின்றிருக்கிறார்.

பின்னால் ஓர் எண் போட்டால் கிடைத்துவிடும்.
ஓர்வெத் இரண்டு.
ஆனால் தனியாக விடப்பட்டதுதானே அவன் கதை?
அங்கே இரண்டாவது ஆளாகப் போய் நிற்க
மனம் வரவில்லை.

நொண்டிக்கழுதை என்று தட்டினேன்.
கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை.
பெயரும் நொண்டியது. பொருத்தம்தான்.
ஓர்வெத்தை ஆட்டத்துக்கு அழைத்துவிட்டுப்
படுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கடையில் பதில் வந்தது.
'வணக்கம்.
மூலத்தில் அது நொண்டி இல்லை,
களைத்திருக்கிறது, அவ்வளவே.'
கூடவே, ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாய்
இரண்டு கட்டம் நகர்ந்திருந்தது.

ஆக, எங்கள் பாஷைக்குக் கொண்டுவந்தவர்
மொழியைப் பெயர்த்தபோது
கழுதையின் காலையும் பெயர்த்திருக்கிறார்.
இருபத்தைந்து வருடமாக அதை நான்
நொண்ட விட்டிருக்கிறேன்.

நாற்காலியில் திரு. எண்டெல் ரந்தொயா,
மீன் ஆலையில் காதைத் தொலைத்தவர்,
முதுகு காட்டிக் காத்திருந்தார்.
பின்னால் போய் நின்றேன்.
வாய் தவறி வேறு பெயர் வந்துவிட்டது.

அவர் திரும்பினார்.